திரையில் ஓடும் அம்புலன்ஸ்

தொலைக்காட்சிக்குப் புதியதொரு கதாநாயகன் கிடைத்திருக்கின்றான். வாளேந்திய அரசகுமாரனும் துப்பாக்கி ஏந்திய துப்பறிவோனும் சலித்துப்போன பின்னர், ஊளையிடும் வண்டியிலிருந்து மருந்துப் பெட்டியுடன் குதித்திறங்கும் அவசர சிகிச்சை உதவியாளன் அவர்களது இடத்தைப் பிடித்துக்கொண்டான். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அரை நூற்றாண்டாக ஓடிவரும் இந்த வகைத் தொடர்கள் இப்போது கைத்தொலைபேசி வழியாக நமது மாணவரின் படுக்கையருகே வரை வந்துவிட்டன. முதல் நிமிடத்தில் அழைப்பு வருகின்றது. மூன்றாம் நிமிடத்தில் வண்டி வந்து நிற்கின்றது. ஏழாம் நிமிடத்தில், மூச்சடங்கிக் கிடந்தவன் இருமிக்கொண்டு கண் விழிக்கின்றான். அதன்பின் சவர்க்கார விளம்பரம்.

இத்தொடர்கள் பற்றி நம்மவரிடையே இருவகைக் கருத்துக்கள் வழங்குகின்றன. "காதலும் மாமியார் கொடுமையும் மலிந்த தென்னிந்தியத் தொடர்களைவிட இவை எவ்வளவோ மேல், பிள்ளைகள் முதலுதவியையாவது கற்றுக்கொள்ளட்டுமே" என்பர் நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர் சிலர். "முதலாளித்துவக் குப்பை; பேசுவதற்கு என்ன இருக்கின்றது?" என்று கையை உதறிவிடுவர் நமது தோழர் சிலர். இவ்விரு சாராரையும் எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. முன்னவர் திரை காட்டுவதை மட்டும் பார்க்கின்றனர். பின்னவரோ திரைக்கு உள்ள வலிமையையே பார்க்க மறுக்கின்றனர். அந்த வண்டியை வாங்கியவர் யார், ஓட்டுபவருக்குக் கூலி என்ன, அது யார் வீட்டு வாசலுக்கு வருகின்றது, யார் வீட்டுக்கு வரும் வழியில் நின்றுவிடுகின்றது என்பவற்றை மறைத்துவிட்டு உயிர் காக்கும் கதை சொல்வது பொய் சொல்வதாகும். சொல்லும் முறை எவ்வளவு நேர்த்தியானதோ அவ்வளவுக்கு அந்தப் பொய்யும் கொடியது.

தத்துவம் பேசுமுன் பாலாவிச் சந்தியில் சற்று நின்று பார்ப்போம். கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு ஏறும் நெடுஞ்சாலையிலிருந்து கற்பிட்டிக் குடாநாட்டுக்கான பாதை பிரியும் இடம் இது. ஒரு புறம் களப்போரத்தில் வெயிலைக் கண்ணில் வாங்கிக்கொண்டு உப்பு வாரும் தொழிலாளர். மறுபுறம் சீமெந்துத் தொழிற்சாலை. அதற்கான சுண்ணக்கல் அருவக்காட்டிலிருந்து ரயிலில் வந்து குவிகின்றது. சீமெந்தாகிப் பாரவூர்திகளில் நாடெங்கும் போகின்றது. குடாநாட்டின் உட்புறம் சென்றால் நுரைச்சோலையில் தொள்ளாயிரம் மெகாவாற்று அனல்மின் நிலையம். அதைச் சுற்றி மணலில் கிணறு தோண்டி மிளகாயும் வெங்காயமும் விளைவிக்கும் தோட்டக்காரர். அவர்களிடம் நாட்கூலிக்கு மருந்து தெளிப்போர். அதற்கும் அப்பால் கடலை நம்பிய வாடிகள். ஆவணியில் தலவில புனித அன்னம்மாளின் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் இச்சந்தியால் திரும்பிச் செல்கின்றனர்.

இவற்றோடு, 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து புலிகளால் துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் வந்து குடியேறிய மண்ணும் இதுவே. யாழ்ப்பாணத்திலிருந்தோருக்கு வெளியேற இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. மன்னார்த் தீவிலிருந்தோர் படகுகளில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட அம்மக்களுள் முதியோரும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இருந்தனர். அவர்களை ஏற்றிவர எந்த வண்டியும் ஊளையிட்டுக்கொண்டு ஓடவில்லை. தாங்கியவர்கள் இந்தக் கரையின் ஏழை மக்கள்தாம். இடங்கொடுத்தவை பள்ளிவாசல்களும் பாடசாலைகளும்தாம். இன்று இலங்கையில் அவசர அம்புலன்சை அழைக்கும் இலக்கம் 1990. பாலாவி முகாமில் பிறந்து வளர்ந்து, இன்றைக்குத் தாய் தந்தையராகிவிட்டோர் அந்த இலக்கத்தை அழுத்தும்போது, தம் பெற்றோரின் வாழ்வை இரண்டாக வெட்டிய ஆண்டையே அழுத்துகின்றனர். இலக்கம் வகுத்தவர் அதை எண்ணியிருக்க மாட்டார். எண்ணியிருக்க வேண்டுமென்று நாம் கேட்கவுமில்லை. இந்த மண்ணைப் பற்றி நாடகம் எழுத வருபவன் எண்ணாதிருக்க முடியாது என்பதே நம் கருத்து.

இத்தகைய ஊரில் அவசரம் என்பது எவ்வாறு வருகின்றது? தோட்டத்திலே கண்ணாடி விரியன் தீண்டிய கூலியாள் ஒருவனை எடுத்துக்கொள்வோம். திரைக்கதையில் இது நான்கு நிமிடக் காட்சி: வண்டி வரும், ஊசி போடப்படும், அவன் பிழைப்பான். உண்மையில் அந்த ஊசி எங்கிருந்து வருகின்றது என்று கேட்டால் ஒரு சமுதாயத்தின் வரலாறே எழுந்து நிற்கும். இலங்கை வைத்தியசாலைகள் நெடுங்காலமாக நம்பியிருப்பது இந்தியாவில் செய்யப்படும் நஞ்சுமுறி மருந்தை. அம்மருந்து செய்யும் கம்பனிகளுக்குப் பாம்பின் நஞ்சை எடுத்துக் கொடுப்போரில் முதன்மையானவர், செங்கற்பட்டுப் பகுதியின் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கமாக இயங்கும் இருளர். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்து, அதுவும் சட்டத்தால் தடுக்கப்பட்டபின் வயிற்றுக்கு வழியின்றி நின்ற பழங்குடியினர் அவர்கள். தென்னிந்தியப் பாம்புகளின் நஞ்சிலிருந்து செய்யப்படுவதால் அம்மருந்து நம் நாட்டுப் பாம்புகளுக்கு முற்றிலும் பொருந்துவதில்லை. ஏற்றப்படும்போது நோயாளிக்கு ஒவ்வாமை கண்டு அதற்கே வேறு வைத்தியம் செய்ய நேர்வதும் இங்கே சாதாரணம். ஓர் இருளனின் கையும் ஒரு புத்தளத்துத் தாதியின் விழிப்பும் சேர்ந்துதான் அந்தக் கூலியாள் பிழைக்கின்றான். நாடகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இதை எழுத எவரும் வரவில்லை. கதாநாயகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றும் காட்சிக்கு இதில் இடமில்லை போலும்.

"ஐயா, உழைத்துக் களைத்தவன் மாலையில் சற்று மனம் ஆறுவதற்குப் பார்க்கின்றான், அவனுக்கும் அரசியல் பாடமா?" என்று கேட்கும் குரல் நமக்குக் கேட்கின்றது. கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் களைத்தவன் மனம் ஆறுவதற்குப் பொய்யே வேண்டுமென்று முடிவு கட்டியவர் யார்? உப்பளத்திலிருந்து திரும்புபவளைக் கேட்டு எழுதினார்களா? அவளுடைய களைப்பின் பெயரால் பேசுவோர் பெரும்பாலும் அவளிடம் விளம்பரப் பொருளை விற்பவர்கள்.

இனி, கையை உதறும் தோழர்களிடம் வருவோம். இவ்வகை நாடகத்தின் முன்னோடி, 1972 சனவரியில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'எமர்ஜென்சி' என்ற தொடர். லொஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புப் படையைச் சேர்ந்த இரு அவசர சிகிச்சை உதவியாளர், ஐம்பத்தொன்றாம் இலக்கச் சிவப்பு வண்டி, வானொலிப் பெட்டியொன்றின் வழியே கட்டளையிடும் வைத்தியசாலை, இவ்வளவுதான் கதை. 1977 வரை அது ஓடியது. அது தொடங்கிய காலத்தில் அமெரிக்காவில் இத்தகைய பயிற்சி பெற்ற குழுக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியனவாகவே இருந்தன. பல ஊர்களில் நோயாளியை ஏற்றிச் சென்றது ஊர்ச் சவச்சாலைக்காரனின் பிரேத வண்டி. பிழைத்தால் வைத்தியசாலைக்கும் இறந்தால் கல்லறைக்கும் அதே வண்டி, அதே முதலாளி. எதில் அவனுக்கு இலாபம் அதிகம் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். விபத்து மரணத்தை, புறக்கணிக்கப்பட்ட நோயென்று வருணித்து அந்நாட்டின் தேசிய ஆய்வுக் கழகம் 1966இல் அறிக்கை வெளியிட்டது. அதிகாரிகள் படித்தனர், அறிக்கைகளுக்கு வழக்கமாக நேர்வதே பெரும்பாலும் நேர்ந்தது. மக்களை எழுப்பியது தொலைக்காட்சித் தொடர். திரையில் அத்தகைய வண்டியைக் கண்டவர்கள், "நம் ஊருக்கு ஏன் இது இல்லை?" என்று நகரசபைகளைக் கேட்கத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குள் அச்சேவை நாடெங்கும் பரவியதில் அந்நாடகத்துக்குப் பங்குண்டு என்பதை அத்துறை சார்ந்தோர் இன்றும் நன்றியுடன் சொல்கின்றனர். கலைக்குச் சமுதாயப் பயன் உண்டென்று நாம் சொன்னால் பிரசாரம் என்று ஏளனம் செய்யும் தூய கலைவாதிகள், வணிகத் தொலைக்காட்சியே தந்திருக்கும் இச்சான்றுக்கு என்ன விடை சொல்வர்? இதைக் குப்பையென ஒதுக்கும் தோழர்தாம் என்ன சொல்வர்?

ஆயினும் அதே நாடகம் ஒன்றை மறைத்தது. அமெரிக்காவில் அவசர சிகிச்சை உதவியாளர்களாக முழுப் பயிற்சி பெற்றுத் தெருவில் இறங்கிய முதற் குழுவினருள் முக்கியமானவர்கள், திரையில் வந்த தீயணைப்பு வீரர்களைப் போன்றவர்கள் அல்லர். பிட்ஸ்பேர்க் நகரின் ஹில் டிஸ்றிக்ற் என்னும் வறிய பகுதியின் கறுப்பு இளைஞர்கள். அங்கே அதற்குமுன் நோயாளியை அள்ளிச் சென்றது பொலிஸ் வண்டி. வைத்திய அறிவு எதுவுமற்ற இரு பொலிசார் முன்னே அமர்ந்திருக்க, நோயாளி பின்னே தனியே கிடப்பான். கறுப்பர் குடியிருப்பிலிருந்து அழைத்தால் அவ்வண்டி வருவதும் வராததும் பொலிசாரின் மனப்போக்கைப் பொறுத்தது. 1966 நவம்பரில் அந்நகரின் முன்னாள் மேயரும் மாநில ஆளுநராக இருந்தவருமான டேவிட் லோரன்ஸ் மேடையில் மயங்கி விழுந்தார். அவரையும் பொலிஸ் வண்டியே கொண்டு சென்றது, அவர் பிழைக்கவில்லை. ஏழைகள் நெடுங்காலம் அனுபவித்ததை ஆளும் கூட்டத்தார் ஒருவர் அனுபவித்தபோதுதான் நகரம் விழித்தது. எங்கும் இவ்வாறுதானே?

நெஞ்சையழுத்தி உயிர்மீட்கும் முறையை உலகுக்கு அளித்தோருள் ஒருவரான வைத்தியர் பீற்றர் சபர் அந்நகரில் இருந்தார். அவரும் கறுப்பு மக்களின் அமைப்பொன்றும் சேர்ந்து 1967இல் 'ஃபிரீடம் ஹவுஸ்' அம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினர். வேலைக்குத் தகுதியற்றோர் என்று சமுதாயம் முத்திரை குத்தியவர்களை அழைத்து, உடற்கூற்றிலிருந்து பிரசவம் வரை நூற்றுக்கணக்கான மணி நேரம் கற்பித்தனர். பின்னர் நான்சி கரோலின் என்ற இளம் வைத்தியர் அவர்களுடன் வண்டியிலேயே ஏறி இறங்கிப் பயிற்றுவித்தார். அங்கு பெற்ற அனுபவத்தைக் கொண்டு அவர் எழுதிய பாடத்திட்டமே அந்நாடு முழுமைக்கும் பாடத்திட்டமாயிற்று. அவ்வளவு செய்தவர்களுக்கு நகரம் அளித்த வெகுமதி என்ன? 1975இல் மாநகரசபை தனக்கென ஓர் அம்புலன்ஸ் சேவையை அமைத்து, ஃபிரீடம் ஹவுசை மூடிவிட்டது. புதிய சேவையில் உயர்பதவிகள் வெள்ளையருக்குச் சென்றன. கற்பித்தவர்கள் பலர் கற்றவர்களின் கீழ்ப் பணிபுரிந்தோ வெளியேறியோ போயினர். அதே 1975இல் தொலைக்காட்சியில் 'எமர்ஜென்சி' வாராவாரம் ஓடிக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் அந்நாடகத்தின் தலைக்கவசமும் வானொலிப் பெட்டியும் அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்று சேர்ந்தன. ஹில் டிஸ்றிக்ற் இளைஞரின் பெயர்களைத் தேடிச் சொல்ல ஆள் வருவதற்கோ பல பத்தாண்டுகள் பிடித்தன.

நடிகர்மீதோ எழுதியவர்மீதோ நமக்குப் பகையில்லை. உழைத்தவனைத் திரையிலிருந்து அகற்றிவிட்டு உழைப்பை மட்டும் போற்றும் வழக்கத்தையே சுட்டுகின்றோம். இவ்வழக்கம் கடல் கடந்து நம்மிடமும் வந்துவிட்டது.

"முதலுதவியையாவது கற்பிக்கின்றதே" என்ற வாதத்தையும் ஆராய்வோம். 1996இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ ஏடு' ஓர் ஆய்வை வெளியிட்டது. புகழ்பெற்ற மூன்று அமெரிக்கத் தொடர்களில் நெஞ்சையழுத்தி உயிர்மீட்க முயலும் காட்சிகள் அறுபதை ஆய்வாளர் எடுத்துக்கொண்டனர். அவற்றில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் அந்த இடத்திலேயே பிழைத்தனர். அறுபத்தேழு பேர் சுகமாய் வீடு திரும்பியதாகவே காட்டப்பட்டனர். உண்மையில், வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் அந்தச் செல்வந்த நாட்டிலேயே பத்தில் ஒருவர் பிழைப்பது அரிது. திரையில் இதயம் நின்றவரில் பெரும்பாலோர் இளையோர். வாழ்வில் பெரும்பாலோர் முதியோர். இவ்வாறு கற்றுக்கொண்ட குடும்பத்தினன் வைத்தியசாலை வாசலில் என்ன செய்வான்? தந்தை இறந்ததும், "திரையில் பிழைத்தானே, இங்கே கொன்றுவிட்டார்கள்" என்று பணியிலிருந்த தாதியின் மீது பாய்வான். மருந்து வாங்கப் பணம் ஒதுக்காத அமைச்சு அவன் கண்ணில் படுவதில்லை. அற்புதத்தை எதிர்பார்க்கப் பழக்கிவிட்டால் உரிமையைக் கேட்கும் வாய் அடைத்துப்போகும்.

தமிழ்த் திரைக்கு வருவோம். 2013இல் வெளியான 'சென்னையில் ஒரு நாள்' என்ற படத்தை நினைவில் கொண்டோர் பலர் இருப்பர். 2011இல் வந்த 'ட்ராஃபிக்' என்ற மலையாளப் படத்தின் தமிழ் வடிவம் அது. மூளைச்சாவடைந்த இளைஞன் ஒருவனின் இதயத்தைச் சுமந்துகொண்டு வண்டி பறக்க, நெடுஞ்சாலை முழுவதும் அதற்காக ஒதுங்கி நிற்கும். 2008இல் சென்னையில் அவ்வாறே ஓர் இதயம் போக்குவரத்தை நிறுத்திக் கொண்டு செல்லப்பட்டதும், அப்பெற்றோரின் ஈகை தமிழ்நாட்டில் உறுப்புத் தானத்துக்கே வழிதிறந்ததும் மெய். அவ்வீகையைக் குறைத்துப் பேச எவருக்கும் அருகதையில்லை. நாம் கேட்பது வேறு. படத்தில் அந்த இதயம் யாருக்காகப் பறக்கின்றது? புகழ்மிக்க நடிகர் ஒருவரின் மகளுக்காக. ஒரு நாள், ஓர் உயிருக்காக, ஒரு நகரம் ஒதுங்கி நிற்பதைக் கண்டு கண்ணீர் விட்டோம். எல்லா நாளும் எல்லா உயிருக்கும் ஒதுங்கும் சாலையைப் பற்றி எவரும் படமெடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் அதே 2008 செப்ரெம்பரில்தான் 108 அம்புலன்ஸ் சேவை தொடங்கியது. மக்களுக்கு அது பெரும் பயன் தந்தது, மறுப்பதற்கில்லை. அதை நடத்தப் பொறுப்பேற்ற நிறுவனம் 2005இல் ஐதராபாத்தில் 'சத்யம்' கம்பனியின் தலைவர் இராமலிங்க ராஜுவினால் தொடங்கப்பட்டது. 2009 சனவரியில் அவரே தம் கம்பனிக் கணக்குகள் பொய்யென ஒப்புக்கொண்டு சிறை சென்றார். உயிர்காக்கும் சேவை அதன்பின் ஜி.வி.கே. என்ற மற்றொரு பெருங்குழுமத்தின் கைக்குப் போயிற்று. பணம் அரசினுடையது, நிர்வாகம் தனியாருடையது, பன்னிரண்டு மணி நேர வேலை தொழிலாளியுடையது. எட்டு மணி நேர வேலை கேட்டும், தீபாவளி மிகையூதியம் கேட்டும் அத்தொழிலாளர் பலமுறை போராட்ட அறிவித்தல் கொடுத்திருக்கின்றனர். கொடுத்த போதெல்லாம் "உயிரோடு விளையாடலாமா?" என்ற அறவுரை அவர்களுக்குக் கிடைத்தது. திரையில் தெய்வமாய் நின்றவன் கூலி கேட்டவுடன் கொலைகாரனாகிவிடுகின்றான்! தெய்வத்துக்குப் பசிக்காது என்ற துணிவில்தானே அவனைத் தெய்வமாக்கினார்கள்.

அந்நிறுவனமே நம் நாட்டுச் சேவைக்கும் தொடக்கத்தில் துணை நின்றது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் எண்பத்தெட்டு வண்டிகளுடன், இந்திய அரசு கொடுத்த எழுபத்தாறு இலட்சம் டொலர் நன்கொடையில் 'சுவசெரிய' பிறந்தது. இந்திய ஆதிக்கம் நுழைகின்றது என்று அன்று கூக்குரல் எழுந்தது. கூக்குரலிட்டவர்களில் நம் அணியினரும் இருந்தனர். அயல்நாட்டு உதவியின் நோக்கத்தை ஆராய்வது வேறு. நெஞ்சு நோவுடன் கிடப்பவனுக்கு வரும் வண்டியை மறிப்பது வேறு. 2018 யூலையில் யாழ்ப்பாணத்தில் வட மாகாணச் சேவை தொடங்கப்பட்டது. மேலும் ஒன்றரைக் கோடி டொலர் உதவியுடன் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்து, வண்டிகளின் தொகை இருநூற்றுத் தொண்ணூற்றேழாயிற்று. அதே ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தால் அது ஓர் அரச மன்றமாக்கப்பட்டது. பணம் வாங்காமல் வரும் வண்டி. 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணத்தை ஒழித்த நாட்டுக்கு இது மிகவும் பிந்தி வந்த தொடர்ச்சி. கொவிட் காலத்தில் உறவினரே அணுக அஞ்சியவர்களைத் தூக்கிச் சென்றவர்கள் இச்சேவையின் இளைஞர்களும் யுவதிகளும். அவர்களுடைய பெயர் எந்தத் தொடரின் தலைப்பிலும் இல்லை.

வண்டியிருந்தாலும் அது ஓடுவதற்கு ஒரு நாடு வேண்டும். 2022இல் நாடு வங்குரோத்தாகி, எண்ணெய்க்கு மைல்கணக்கில் மக்கள் வரிசையில் நின்றபோது அதைக் கண்டோம். அவ்வாண்டு மே மாதம் ஹல்துமுல்லையில் பிறந்து இரண்டே நாளான சிசுவை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லத் தந்தை வண்டிக்குப் பெற்றோல் தேடி அலைந்தார். கிடைக்கப் பிந்தியது, குழந்தை இறந்தது. பிரேத பரிசோதனை செய்த சட்ட வைத்திய அதிகாரியே நெஞ்சு பொறுக்காமல் அதைப் பகிரங்கப்படுத்தினார். அச்சிசுவைக் கொன்ற நோயின் பெயர் எந்த மருத்துவ நூலிலும் இல்லை. அதைக் கண்டறிய வேண்டியவன் எழுத்தாளன்.

இன்னொன்றும் உண்டு, நம் கரையில் அதுவே முதலாவது. நெஞ்சு நோகின்றதா, அடைக்கின்றதா, எரிகின்றதா, கொதிக்கின்றதா? தமிழ் பேசும் கிழவி ஒருத்திக்கு இந்நான்கும் நான்கு வெவ்வேறு துன்பங்கள். வைத்திய சாஸ்திரத்திலும் அவை வேறு வேறு நோய்களின் குறிகள். அவளருகே குனிபவருக்கு அவளது மொழி தெரியாவிட்டால் நான்கும் ஒன்றாகிவிடும், அல்லது பத்து வயதுப் பேரன் மொழிபெயர்ப்பாளனாவான். பாட்டிக்கு எங்கே இரத்தம் போகின்றது என்பதை அந்தப் பேரன் எந்த வாயால் சொல்வான்? 1956இல் தனிச் சிங்களச் சட்டம் இயற்றியவர்களும், 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று காகிதத்தில் எழுதிக் கையைக் கழுவியவர்களும் அந்தக் கட்டிலருகே வந்து பார்க்க வேண்டும். பாலாவியில் சிங்களத் தொழிலாளியும் தமிழ் மீனவனும் முஸ்லிம் தோட்டக்காரனும் ஒரே வைத்தியசாலையின் ஒரே வாங்கில்தான் காத்திருக்கின்றனர். தமிழறிந்த சிங்கள உதவியாளன், சிங்களமறிந்த தமிழ்த் தாதி என்போர் அவ்விடத்தில் மருந்துக்கு ஒப்பானவர்கள். அமெரிக்கத் தொடரைத் தமிழில் குரல்மாற்றிப் போடுபவர்களுக்கு இந்தப் பிரச்சினை எழுவதேயில்லை. அங்கே நோயாளியும் உதவியாளனும் ஒரே சென்னைத் தமிழில் அழகாகப் பேசிக்கொள்கின்றனர்!

நமக்கு முன்மாதிரி இல்லையென்று எவரும் சொல்ல வேண்டாம். 1934 - 35இல் இந்நாட்டை மலேரியாக் கொள்ளைநோய் வாரிச்சென்றது. ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் கிராமங்களில் குடியேற்ற அரசின் கை எட்டாத இடங்களுக்குச் சூரியமல் இயக்கத்தின் இளைஞர்கள் மருந்தும் அரிசியும் பருப்பும் சுமந்து நடந்தனர். வெறும் வயிற்றில் கொயினா என்ன செய்யும் என்று கண்டு, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் தோழர்களும் மாமைற்றை உருண்டையாக்கி ஊட்டினர். கலாநிதி என். எம். பெரேரா வீடு வீடாகப் பருப்புக் கொடுத்ததால் ருவன்வெல்ல மக்களுக்கு அவர் 'பருப்பு மாத்தையா' ஆனார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அம்மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். நோயாளிக்கு மருந்தைக் கொண்டு போனவர்கள், அவன் ஏன் பட்டினி கிடக்கின்றான் என்ற கேள்வியையும் உடன்கொண்டு போனார்கள். இந்நாட்டின் இடதுசாரி இயக்கம் அந்த மலேரியாக் கிராமங்களில்தான் கால் ஊன்றியது. அதைப் பற்றித் தமிழில் ஒரு தொலைக்காட்சி நாடகமேனும் உண்டா? வியட்நாமையும் கியூபாவையும் நாவினிக்கப் பேசும் நாம், பக்கத்து மாவட்டத்தில் நடந்ததை எழுதவில்லை.

ஆகவே கோரிக்கையை நேரே வைக்கின்றோம். மக்கள் பணத்தில் நடக்கும் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்துக்குத் தமிழ் அலைவரிசை உண்டு. நேத்ரா அதன் பெயர். 1990 வண்டியின் வாழ்வை வைத்து, பாலாவியையோ கிளிநொச்சியையோ ஹற்றனையோ களமாகக் கொண்டு, பன்னிரண்டு வார நாடகம் ஒன்றை அது தயாரிக்க வேண்டும். தென்னிந்தியத் தொடர்களை விலைக்கு வாங்கும் பணத்தில் ஒரு பகுதி போதும். பணமில்லை என்பார்கள். பணமில்லாத நிலையே முதல் அத்தியாயமாகட்டும். எழுத ஆளில்லை என்பார்கள். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் இவ்விதழைக் கையில் வைத்திருப்பவர்கள்தாம்.

புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கற்பிக்கும் ஆசிரியர்களே, உயர்தர வகுப்பு மாணவர்களே, தயாரிப்பாளர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாடசாலை நாடக விழாவுக்கு இவ்வாண்டும் ஓர் அரசனையும் விதூடகனையும் மேடையேற்றுமுன், விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். இரவுப் பணி முடிந்து தேநீர் குடிக்கும் அம்புலன்ஸ் சாரதியிடம் பேசுங்கள். எத்தனை மணி நேரம் ஓட்டினார், கற்பிட்டிப் பாதையில் எந்த வளைவில் மெதுவாகப் போக நேர்கின்றது, எந்த வீட்டில் படலைவரை வந்து கைவிளக்குடன் நின்றார்கள் என்று கேளுங்கள். உதவியாளரான யுவதியிடம், இரவு இரண்டு மணிக்கு அறிமுகமற்ற ஆண்கள் நிறைந்த வாடிக்குள் நுழையும்போது அவர் என்ன நினைப்பார் என்று கேளுங்கள். வைத்தியசாலை வாங்கில் காத்திருப்போரிடம் கேளுங்கள். முகாமிலிருந்து வந்த முதியவரிடம், 1990 என்று சொல்லி, அவர் முதலில் எதைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றார் என்று பாருங்கள். சொல்பவரின் பெயரை விட்டுவிட்டு, சொன்னதை மட்டும் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் பிரதிகளை இவ்விதழின் முகவரிக்கு அனுப்பினால் நல்லவற்றை அச்சேற்றுவோம். மேடையேற்ற விரும்பும் சங்கத்தாருக்கு அவை கட்டணமின்றிக் கொடுக்கப்படும்.